பழக்கொட்டை எண்ணெய்: எது பாட்டிலுக்குள் வருகிறது, எது புண்ணாக்கில் தங்குகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. கெட்ட கொழுப்பு கூடுதலாக இருப்பதால் மருத்துவர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை போட்டால் கால் வலிக்கிறது என்று அம்மாவுக்குக் குறை. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஆப்ரிகாட் பருப்பு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார். "இதில் ஸ்டெரால் இருக்கு, வைட்டமின் ஈ இருக்கு, பி17 இருக்கு. காலையில ஒரு ஸ்பூன் குடிச்சா மாத்திரையே வேண்டாம்" என்கிறார். என் தங்கையோ, "ஆப்ரிகாட் கொட்டையில சயனைடு இருக்கு, தூக்கிப் போடு" என்கிறாள். இதைவிடத் திராட்சை விதை எண்ணெயும் மாதுளை விதை எண்ணெயும் உசத்தி என்று சொல்பவர்களும் உண்டு. வீட்டில் சின்னதாக எண்ணெய் பிழியும் மெஷின் இருக்கிறது. சாப்பிட்ட பழத்தின் கொட்டைகளை உடைத்து நாங்களே பிழிந்துகொள்ளலாமா? மிஞ்சும் புண்ணாக்கை மாவாக அரைத்துச் சமையலில் சேர்க்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். கால் வலியை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ வழி இருக்கிறது. நான் எண்ணெய்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் அந்த மாத்திரை செய்யும் வேலையை எந்தப் பழக்கொட்டை எண்ணெயும் செய்யாது என்று சொல்ல எண்ணெயின் கணக்கே போதும். அந்தக் கணக்குக்குக் கீழே வருகிறேன்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் நடக்கும் சண்டையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அம்மா எண்ணெயைப் பற்றிப் பேசுகிறார், தங்கை பருப்பைப் பற்றிப் பேசுகிறார். பருப்பைப் பிழியும்போது கொழுப்பில் கரைவதெல்லாம் எண்ணெயோடு வந்துவிடும். தண்ணீரில் கரைவது பெரும்பாலும் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். லேபிளில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எண்ணெயோடு வரக்கூடியதா? வந்தால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு?

சாப்பிடும் விதை எண்ணெய்களில் பெரும்பாலானவற்றில் 98 சதவீதம் போல ட்ரைகிளிசரைடு, அதாவது சாதாரணக் கொழுப்புதான். விளம்பரம் கொண்டாடும் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ), ஸ்டெரால், ஸ்குவாலீன், கரோட்டினாய்டு எல்லாம் சேர்ந்து மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆப்ரிகாட் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். அந்த எண்ணெயில் 60 முதல் 70 சதவீதம் ஒலியிக் அமிலம், 20 முதல் 30 சதவீதம் லினோலிக் அமிலம், நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. உங்கள் அம்மாவுக்கு இந்த எண்ணெயால் ஏதாவது நன்மை இருக்கிறதென்றால் அது இந்தப் பெரிய பங்கில்தான் இருக்கிறது. வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பு சேரும் இடத்தில் இப்படிப்பட்ட எண்ணெயை வைத்தால் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு குறையும், பல காலமாக உறுதிப்பட்ட விஷயம். 'அந்த இடத்தில்' என்பதைக் கவனியுங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதெல்லாம் அப்படியே இருக்க, காலையில் கூடுதலாக ஒரு பெரிய ஸ்பூன் குடித்தால் 120 கலோரி சேரும், அவ்வளவுதான்.

இப்போது ஸ்டெரால் கணக்கு. தாவர ஸ்டெரால் கொலஸ்ட்ராலின் ஜாடையில் இருப்பதால் குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் உடம்பில் சேருவது குறைகிறது. இது கட்டுக்கதை இல்லை. நாளுக்கு 2 கிராம் போல எடுத்துக்கொண்டால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆப்ரிகாட் பருப்பு எண்ணெயில் 100 கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் ஸ்டெரால் இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறும், பெரும்பங்கு பீட்டா சிட்டோஸ்டெரால். தாராளமாகவே 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஸ்பூன் பிடிப்பது நாலரை கிராம் எண்ணெய். அதில் 22 மில்லிகிராம் ஸ்டெரால். 2 கிராம் சேர வேண்டுமானால் 400 கிராம் எண்ணெயைக் குடிக்க வேண்டும், அதாவது 3,600 கலோரி. "ஸ்டெரால் இருக்கு" என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அளவுதான் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

வைட்டமின் ஈ விஷயத்திலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. டோகோஃபெராலில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு வடிவம். ஆப்ரிகாட் எண்ணெயில் முக்கியமாக இருப்பது காமா. நம் கல்லீரலில் இருக்கும் ஒரு புரதம் ஆல்ஃபா வடிவத்தைத்தான் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. மற்ற வடிவங்களில் பெரும்பகுதி சிதைந்து வெளியேறிவிடும். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2000ஆம் ஆண்டில் அன்றாடத் தேவையை வகுத்தபோது ஆல்ஃபா வடிவத்தை மட்டுமே வைட்டமின் ஈ கணக்கில் சேர்த்தது, பெரியவர்களுக்கு 15 மில்லிகிராம் என்று. 'மொத்த டோகோஃபெரால்' என்று பெரிய எண்ணைப் போட்டு லேபிள் மிரட்டினால், அதில் ஆல்ஃபா எவ்வளவு என்று பாருங்கள். காமா வீண் என்று நான் சொல்லவில்லை. அது காக்க வேண்டியது முதலில் எண்ணெயை. பருப்புக்குள்ளும், பிறகு பாட்டிலுக்குள்ளும் எண்ணெய் காறிப்போகாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

எங்களைப் போன்ற பரிசோதனைக்கூடத்து ஆட்களுக்கு இந்தச் சின்னச் சேர்மங்கள் வேறொரு வகையில் பெரிய உதவி. பாதாம் எண்ணெயில் விலை குறைந்த ஆப்ரிகாட் எண்ணெயைக் கலந்தால் கொழுப்பு அமிலத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகும். பாதாமில் ஆல்ஃபாதான் ஓங்கி இருக்கும். காமா தலை தூக்கினால் சந்தேகம் வந்துவிடும். ஆர்கான் எண்ணெயில் ஷாட்டெனால், ஸ்பினாஸ்டெரால் என்ற இரண்டு ஸ்டெரால்கள்தான் ராஜ்ஜியம். கேம்பெஸ்டெரால் என்ற இன்னொரு ஸ்டெரால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலே வேறு எண்ணெய் புகுந்துவிட்டது என்று எழுதிவிடுவோம்.

பி17 என்று எந்த வைட்டமினும் கிடையாது. அமிக்டலின் என்ற சேர்மத்துக்கும், அதிலிருந்து தயாரித்த லேட்ரைல் என்ற மருந்துக்கும் விற்பனைக்காக ஒட்டிய பெயர் அது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று அமெரிக்காவில் பரபரப்பாகப் பேசப்பட்டு, கடைசியில் மேயோ கிளினிக் தலைமையில் 178 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 1982இல் முடிவு வெளியானது: உருப்படியான பலன் ஒன்றுமில்லை, சிலருக்கு சயனைடு நஞ்சின் அறிகுறிகள்கூட வந்தன.

சயனைடைத் தரும் இந்த அமிக்டலின் தண்ணீரில் கரைவது. ஆகவே அது எண்ணெயோடு கிளம்பாமல் புண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது. அம்மா பி17ஐத் தேடித்தான் இந்த பாட்டிலை வாங்கினார் என்றால், நல்ல வேளை, அது இதில் இல்லை. தங்கையிடமும் இதைச் சொல்லுங்கள்: உலர்ந்த பருப்பிலிருந்து ஒழுங்காகப் பிழிந்த எண்ணெயில் சயனைடு பயப்படும் அளவுக்கு இருக்காது.

பருப்பு வேறு கதை. ஆப்ரிகாட், பீச், பிளம், செர்ரி எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றின் பருப்பிலும் அமிக்டலின் உண்டு, கசப்பு ரகங்களில் மிக அதிகம். முழுப் பருப்புக்குள் அமிக்டலின் ஓர் இடத்திலும் அதை உடைக்கும் என்சைம் வேறு இடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும். கசப்பான பருப்பு ஒன்றைக் கல்லில் உலர்வாக நுணுக்கினால் கொட்டை வாசம்தான் லேசாக வரும். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சில நிமிடம் விடுங்கள். பாதாம் எசன்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு வாசனை மேலே எழும்பும். அது பென்சால்டிஹைடு. என்சைமும் அமிக்டலினும் தண்ணீரில் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். ஒரு மூலக்கூறு பென்சால்டிஹைடு பிறக்கும்போதெல்லாம் கூடவே ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் சயனைடும் பிறக்கிறது. அது 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதன் வாசனை சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது என்பதால், மூக்கை நம்பிச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு கிராம் அமிக்டலின் முழுசாக உடைந்தால் 59 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு கிடைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வகுத்த வரம்பு, ஒரு வேளைக்கு உடல் எடை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 1.2 மில்லிகிராம். அரை கிராம் எடையுள்ள கசப்புப் பருப்பில் 3 சதவீதம் அமிக்டலின் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே பருப்பில் 0.9 மில்லிகிராம் சயனைடு வந்துவிடும். இரண்டாவது பருப்பில் வரம்பு தாண்டியாகிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பருப்பே அதிகம் என்று அந்த ஆணையமே எச்சரித்திருக்கிறது. "எண்ணெய் நல்லதுன்னா பருப்பு இன்னும் நல்லது" என்று அம்மா அடுத்த கட்டத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயம் அதில்தான்.

பாட்டிலைத் திருப்பி ஒன்றைச் சரிபாருங்கள். பிழிந்து எடுத்த எண்ணெய் வேறு, நீராவியில் வடித்து எடுத்த வாசனை எண்ணெய் வேறு. கசப்புப் பாதாம், ஆப்ரிகாட் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து வடிக்கும் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க பென்சால்டிஹைடு; சயனைடு நீக்கப்படாத நிலையில் அது கொடிய விஷம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் இணையத்தில் வாங்குபவர்கள் குழம்பிவிடுகிறார்கள். சின்னச் சீசாவில் சொட்டு சொட்டாக விற்பது அந்த வகை. உங்களிடம் இருப்பது சமையலுக்குப் பிழிந்த எண்ணெய்தானா என்பது உறுதியாக வேண்டும். பிழிந்த எண்ணெயேயானாலும் திறந்ததும் பாதாம் எசன்ஸ் வாசனை மூக்கைத் துளைத்தால், பருப்பை ஈரத்தோடு பிழிந்திருக்கலாம் அல்லது வாசனை சேர்த்திருக்கலாம். சயனைடு பரிசோதனை அறிக்கை கேளுங்கள், தராவிட்டால் வாயில் வைக்க வேண்டாம்.

எண்ணெயில் விஷம் வராது என்று இதைப் பொதுவிதியாக்கிவிடவும் கூடாது. சீத்தாப்பழ விதையில் இருக்கும் அசிட்டோஜெனின்கள் கொழுப்பில் கரைபவை. அவை எண்ணெயோடுதான் வரும், பூச்சியைக் கொல்லும், கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். வேப்பங்கொட்டை எண்ணெயை உள்ளுக்குக் கொடுத்துக் குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாப்பிடும் பழத்தின் விதை என்பதாலேயே எண்ணெயும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது.

திராட்சை விதைக்கு வருவோம். விதையின் புகழ் முழுக்க ப்ரோஆந்தோசயனிடின் என்ற பாலிஃபீனால்களால் வந்தது. அவை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தவை; பிழிந்தால் புண்ணாக்கில்தான் இருக்கும், எண்ணெயில் பேருக்குத்தான். திராட்சை விதைச் சாறு மாத்திரையை வைத்து நடந்த ஆராய்ச்சியைத் திராட்சை விதை எண்ணெய் பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் வேலை இது. எண்ணெயில் 70 சதவீதம் வாக்கில் லினோலிக் அமிலம், கொஞ்சம் டோகோட்ரையினால் (வைட்டமின் ஈ குடும்பம்). சாதாரணமான நல்ல எண்ணெய். ஈர விதைகளை நேரடித் தீயின் புகையில் உலர்த்தினால் பென்சோபைரீன் போன்ற புகைச் சேர்மங்கள் எண்ணெயில் ஏறும், அவையும் கொழுப்பில் கரைபவைதானே. அதனால் இந்த எண்ணெயில் மட்டும் அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டு வாங்குவேன்.

மாதுளை விதை எண்ணெய் உண்மையிலேயே வித்தியாசமானது. அதில் 60 சதவீதத்துக்கு மேல் ப்யூனிசிக் அமிலம். மூன்று இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்த கொழுப்பு. உடம்புக்குள் அதில் ஒரு பங்கு இணைந்த லினோலிக் அமிலமாக மாறுகிறது என்பது மனிதர்களிடமும் பார்த்த விஷயம். அழற்சி குறையும், சர்க்கரை குறையும் என்பதெல்லாம் பெரும்பாலும் எலிகளிடமும் செல்களிடமும் பார்த்தவை. மனிதர்களிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். மாதுளையின் பெயரால் பேசப்படும் ப்யூனிகலாஜின் என்ற பாலிஃபீனால் தோலில் இருப்பது, விதை எண்ணெயில் அதைத் தேடாதீர்கள். இந்த மூன்று பிணைப்பு அமைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. மர வார்னிஷில் சேர்க்கும் டங் எண்ணெயின் கொழுப்பும் இதே ஜாதி. காற்று பட்டதும் படலமாக இறுகுவதுதான் அதன் குணம். மாதுளை விதை எண்ணெயும் காற்றில் சீக்கிரம் கெடும். சூடு காட்டவே கூடாது. சின்ன பாட்டில், குளிர்சாதனப் பெட்டி, சில வாரத்தில் தீர்த்துவிட வேண்டும்.

கோல்ட் பிரஸ் நல்லதா, ரீஃபைண்ட் நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். சுத்திகரிப்பின் கடைசியில் வாடை போக்குவதற்காக 200 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் நீராவி பாய்ச்சுவார்கள். வாடையோடு டோகோஃபெரால், ஸ்டெரால், ஸ்குவாலீன் ஆகியவற்றிலும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். அந்த வடிநீர்க் கழிவிலிருந்தே வைட்டமின் ஈயையும் ஸ்டெராலையும் பிரித்தெடுத்து மாத்திரைக்கும் ஸ்டெரால் சேர்த்த உணவுக்கும் விற்கிறார்கள். ஸ்டெராலை 2 கிராம் அளவுக்குத் திரட்ட இப்படிப் பிரித்தெடுப்பதும் ஒரு வழி. கோல்ட் பிரஸ்ஸில் இவை கூடுதலாக நிற்கும், அதோடு கெட்ட பருப்பின் குறையும் நிற்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி பிழிந்த எண்ணெய்க்கு அமில எண் (கொழுப்பு உடைந்த அளவு) 4க்குள், பெராக்சைடு எண் (காற்றில் கெட்ட அளவு) 15க்குள் இருக்க வேண்டும். அறிக்கை கிடைத்தால் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து முகருங்கள். பழைய மெழுகு வாசமோ பெயின்ட் வாசமோ வந்தால் காறிப்போய்விட்டது, அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் பெரிதாக மிச்சம் இருக்காது.

உங்கள் மெஷினுக்கு வருகிறேன். ஒரு கிலோ ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைகளை உடைத்து, பருப்பை உலர்த்தி, பிழிந்தால் ஒன்றிரண்டு ஸ்பூன் எண்ணெய் தேறலாம். கிலோ கணக்கில் சேரும்வரை கொட்டைகளைக் குவித்து வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரலாம், கொழுப்பும் உடைந்து அமில எண் ஏறும். சுத்திகரிக்காத எண்ணெயில் அதில் கொஞ்சம் கலந்துவிடலாம். செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். மாங்கொட்டைப் பருப்பில் சயனைடு பிரச்சினை இந்த அளவுக்கு இல்லை. ஆனால் உலர்ந்த பருப்பில் கொழுப்பு பத்து சதவீதம் போலத்தான் இருக்கும், அதுவும் அறைச் சூட்டில் கெட்டியாக நிற்கும் வகை. ஸ்டியரிக் அமிலம் நிறைந்த அந்தக் கொழுப்பைக் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க ஐரோப்பாவில் அனுமதி உண்டு. வீட்டு மெஷினில் அது பிழிபடாது.

புண்ணாக்கு மாவு கூடவே கூடாது. எண்ணெய் போன பிறகு அமிக்டலினின் விகிதம் அதில் இன்னும் கூடியிருக்கும். மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைவது நான் மேலே சொன்ன சோதனையைப் பாத்திர அளவில் செய்வதாகும். ஆலைகள் ஊறவைத்து, தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்துக் கசப்பெடுக்கின்றன, பிறகு சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புகின்றன. வீட்டில் கசப்பு போனதை நாக்கால் பார்க்கலாம், மில்லிகிராமைப் பார்க்க முடியாது. வீணாகிறதே என்று ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அமிக்டலினை நம்மைவிட வேகமாக உடைத்துவிடும்.

அம்மாவுக்குப் பாதாம் அலர்ஜி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கோல்ட் பிரஸ் எண்ணெயில் புரதம் துளி ஒட்டியிருக்கும், அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அலர்ஜி இல்லை, லேபிளில் 'உணவுக்கு' என்று இருக்கிறது, வாடையும் சரியாக இருக்கிறது என்றால் பாட்டிலை எறிய வேண்டியதில்லை. சாப்பாட்டில் வெண்ணெய் சேரும் இடத்தில் இந்த எண்ணெயை அதே அளவுக்கு ஊற்றிக்கொள்ளட்டும், மாத்திரையும் தொடரட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது எண்ணெய் மாற்றியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் அதை உணவுக்கான பரிசோதனைக்கு யாரும் உட்படுத்தியிருக்க மாட்டார்கள். கை கால் வறட்சிக்குத் தடவித் தீர்த்துவிடலாம்.